மாசி மாசத்துக் கடல்

அந்தப் போன உள்ள வை கண்ணு. அது இந்த வூட்டத்தான் காட்டும். மூணு மாசமா எல்லாருக்கும் இந்த வூட்டத்தான் காட்டிக்கினு இருக்கு. 'கஸ்தூரி அக்கா வீடு, நீலக் கேட்டு, வாசல்ல கரும்பலகை.' அதானே போட்டிருக்கு? கேட்டு நீலம்தான். கரும்பலகையும் இருக்கு. கஸ்தூரி மட்டும் இல்ல. அவ இப்ப பக்கத்து வூடு, அந்த வேலிக்கு அந்தாண்ட, வடக்கால.

எங்க போற? அங்க பூட்டியிருக்கு பாரு. மார்க்கெட்டுக்குப் போயிருக்கா, வர அரை மணி நேரம் ஆவும். இந்த வைகாசி வெயில்ல, அலை மேல ஏறுற அவ்ளோ நீட்டுப் பலகைய அக்குள்ள இடுக்கிக்கினு ரோட்டுல நிப்பியா? உள்ள வா. பலகைய அந்தப் பூவரச மரத்துல சாத்து. சேர இஸ்துப் போட்டு உக்காரு. தண்ணி குடி. நான் இன்னா உன்னக் கடிச்சா தின்னப் போறேன்? அவகிட்ட ரூம்பு சொல்லிட்டுத்தான் வந்திருப்ப, தெரியும். இங்கியே தங்குன்னு நான் ஒண்ணியும் சொல்லல. நாலு ரூம்பும் காலியாத்தான் இருக்கு. ஃபேன் ஓடுது. பாத்ரூம்ல டைல்ஸ் போட்டிருக்கு. தங்குன்னு சொல்லல, சும்மா சொன்னேன்.

எந்த ஊரு? கோயமுத்தூரா. பேரு? மிருதுளா. நல்ல பேரு. எம்பேரு தேசம்மா. நீ கேக்கல, நானே சொல்லிட்டேன். பதினோரு வருசமா இந்தக் கடக்கரைக்கு எத்தினி பேரு வந்துட்டாங்க, ஒருத்தரும் எம்பேரக் கேட்டதில்ல. கஸ்தூரிக்கா, கஸ்தூரிக்கான்னு கத்திக்கினு நேரா அங்கதான் ஓடுவாங்க. வெள்ளக்காரன் கூட திருத்தமா 'கஸ்தூரியக்கா'ங்கறான். தேசம்மாங்கறது இன்னா வாயில நொழையாத பேரா?

அவ எனக்கு ஓரகத்தி. என் வூட்டுக்காரரு மூத்தவரு. அவ புருசன் பூபாலன் எளையவன்.

எனக்குப் பொறாமைன்னு ஊருல சொல்லுவாங்க. நீ அங்க போனா அவ சொல்ல மாட்டா. அக்கா நல்லவங்கன்னுதான் சொல்லுவா. அது அவ கெட்டிக்காரத்தனம். ஆமா கண்ணு, பொறாமைதான். இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா அது ஏன் வந்துச்சுன்னு கேளு. நாளைக்குப் பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போவணும், அதுக்குள்ள எனக்கு ஒரு விசயம் தெரிஞ்சாவணும். நீ அலை தெரிஞ்ச பொண்ணு. எல்லாத்தையும் கேட்டுட்டு சொல்லு.

எங்க மாமனாரு போனப்ப இது மொத்தமும் ஒரே மனை. கடலப் பாத்த மாதிரி நீட்டா கெடக்கும். வடக்குப் பாதி, தெக்குப் பாதின்னு ரெண்டா பிரிக்கணும். எங்க குப்பத்துல வழக்கம் இன்னான்னா, மூத்தவன் கோடு போடணும், எளையவன் எடுத்துக்கணும். மூத்தவன் ஒரு பக்கத்துக்கு மட்டும் நல்லதா ஒதுக்குனா, எளையவன் டக்குனு அதையே எடுத்துப்பான்ல? அதுக்குத்தான் அப்படி வச்சிருக்காங்க. நல்ல வழக்கம். நான் தப்பே சொல்ல மாட்டேன்.

இப்ப கேளு. வடக்குப் பாதி முன்னாடி கடலு வருசத்துல பத்து மாசம் சாது. படகக் கொண்டாந்து கரையில போட்டா பூனை மாதிரி படுத்துக்கும். தெக்குப் பாதி அப்படி இல்ல. அந்தப் பக்கம்தான் முகத்துவாரம், உள்ளேர்ந்து வர்ற கழித்தண்ணி கடல்ல சேர்ற எடம். அது கொண்டாந்து கொட்டுன மணலு தண்ணிக்கு அடியில மேடு கட்டி நிக்கும். சித்திரை பாதியில தெக்கத்திக் காத்து கெளம்புச்சுன்னா, கடலு அந்த மேட்டுல வந்து ஏறி, எழும்பி எழும்பி ஒடையும். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, நாலு மாசம் ஓயாது. அங்க எவனும் படகு எறக்க மாட்டான். எறக்குனா படகு ரெண்டாப் பொளந்துடும். தெக்குப் பாதி ஒதவாத எடம்னு இந்தக் குப்பத்து நாயிக்குக் கூடத் தெரியும்.

ஆனா மாசியில வந்து பாரு. வடக்கும் தெக்கும் ஒண்ணாக் கெடக்கும். எண்ணெய் ஊத்துன மாதிரி. பச்சக் கொழந்தைய எறக்கி வுடலாம்.

பூபாலன் அப்ப, கல்யாணம் முடிஞ்ச கையோட திரும்பிப் போயி, பஹ்ரைன்ல மீன்புடிக் கப்பல்ல இருந்தான். 'ஆடிக்கு வர்றேன் அண்ணி, வந்ததும் பிரிச்சுக்கலாம்'னான். மாமியாளும் அதையேதான் சொல்லிச்சு. நான்தான் ஒத்துக்கல. நல்ல காரியத்தத் தள்ளிப் போடலாமா? சரி, அவசரம்னா கஸ்தூரியே எடுத்துக்கட்டும், எங்க அண்ணன் தப்பாப் பிரிக்க மாட்டாருன்னுட்டான். கப்பலு கடலுக்குள்ள போனா பத்து நாளு அவனுக்குப் போனு கெடைக்காது. அந்தப் பத்து நாளுக்குள்ளதான் ஒரு நல்ல நாளு அமைஞ்சுது. நான் இன்னா பண்ணட்டும்?

கஸ்தூரி கடக்கரைக்காரி இல்ல. உத்திரமேரூர் பக்கம், ஏரிப் பாசனத்து ஊரு. தையில கல்யாணம் முடிஞ்சு வந்தா, மாசியில பாகம். ஒரு ஆடி மாசத்துக் கடலக்கூட அவ கண்ணால பாத்ததில்ல. எங்க வூட்டுக்காரரு கோடு போட்டாரு. கோடு போட்டது அவரு, எங்க போடணும்னு சொன்னது நானு. நல்ல தண்ணிக் கெணறும், காய்க்கிற தென்ன மரமும் தெக்குப் பாதியில வுழற மாதிரி வச்சேன். வடக்குல வெறும் மணலு. பாக்கறவன் எவனா இருந்தாலும் தெக்கத்தான் கை காட்டுவான்.

அவ உடனே கை காட்டல. போயி கடலப் பாத்துக்கினு நின்னா. 'எங்க ஊரு ஏரி மாதிரியே இருக்கேக்கா. எப்பவும் இப்படித்தான் இருக்குமா?'ன்னு கேட்டா.

'இப்படித்தான் இருக்கும்மா'ன்னேன்.

இதுல இன்னா பொய்? மாசியில எப்பவும் அப்படித்தானே இருக்குது! அவ ஆடியப் பத்திக் கேட்டாளா? கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

கெணத்துத் தண்ணியக் கையில மொண்டு குடிச்சுப் பாத்துட்டு, 'தெக்கு'ன்னு சொன்னா. அத்தினி பேரு முன்னாடி நான் முந்தானையால வாயப் பொத்திக்கினு அழுதேன். ஐயோ, எங்க கெணறு போச்சே, மரம் போச்சேன்னு. அழுவாம இருந்தா சந்தேகம் வருமில்ல. அன்னிக்கி சாயங்காலமே ஒரு கொடம் தண்ணியத் தூக்கிக்கினு வந்து நிக்கறா. 'அக்கா, கெணறு உங்களதுதான். எப்ப வேணா மொண்டுக்கோங்க'ன்னு. பாத்தியா? வந்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள எனக்கே எங்க மாமனாரு கெணத்துத் தண்ணியத் தானம் குடுக்கறா! அன்னிக்கே எனக்கு அவளப் புடிக்காம போச்சு.

சித்திரை வந்துச்சு. ஒரு நாளு காலையில மூஞ்சி வெளுத்துப் போயி ஓடியாந்தா. 'அக்கா, கடலு கத்துதுக்கா.' கத்தாம? ஆடியில பூபாலன் வந்தான். பெட்டிய எறக்கி வச்சிட்டு கடலப் பாத்தான். அப்புறம் அவுங்க அண்ணனப் பாத்தான். அப்புறம் என்னப் பாத்தான். படகு போட எடமில்ல, அடுத்தவன் படகுல கூலிக்குப் போனான். ரெண்டு வருசம் அப்படித்தான் ஓடிச்சு. எனக்கு மனசு கேக்கல கண்ணு. வஞ்சிரக் கொழம்பு எத்தினி வாட்டி கிண்ணத்துல ஊத்திக் குடுத்தனுப்பியிருக்கேன் தெரியுமா? அந்த ரெண்டு வருசம் நாங்க எவ்ளோ ஒத்துமையா இருந்தோம்!

மூணாவது வருசம் ஆனியில வந்தான் பாரு ஒருத்தன். பெங்களூரு ஆளு. நெட்டையா, ஜீப்பு மேல பலகையக் கட்டிக்கினு. அவ வேலி ஓரமா நின்னு கடலப் பாக்கறான் பாக்கறான், ஒரு மணி நேரம் பாக்கறான். இவ மோரு கொண்டாந்து குடுத்துட்டு இன்னாபான்னு கேட்டா, இந்த அலை ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு வரிசையா ஒடைஞ்சிக்கினே போவுது, இந்த மாதிரி அலையத் தேடித்தான் ஊரு ஊராப் போறோம்னு சொல்றான். சொல்லும்போது கண்ணு கலங்குது அவனுக்கு. அலைக்கு எவனாவது அழுவானா? பலகைய இங்கியே வச்சிட்டுப் போவட்டுமான்னு கேட்டான். வைன்னா. மறுநாளு மூணு பலகை. மறுவாரம் கூடாரம். அடுத்த வருசம் அவ ஒரு ரூம்பு கட்டுனா.

எந்த அலை அவளுக்குச் சோறு போடாதுன்னு நான் நெனச்சேனோ, அந்த... இல்ல, நான் நெனைக்கல, ஊரு நெனச்சுது. அந்த அலையே அவளுக்குச் சோறு போட ஆரம்பிச்சுது.

வாசல்ல இருக்குதே கரும்பலகை, அது அவ மாட்டுனது. இந்த அடி, மீட்டரு எல்லாம் அவளுக்கு வராது. விடியக்காலையில தண்ணியில எறங்கி நிப்பா. அலை எங்க வரைக்கும் வருதுன்னு பாத்துட்டு வந்து எழுதுவா. கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, தலை. அவ்ளோதான் கணக்கு. 'இன்னிக்கி அலை: இடுப்பு.' அதப் போட்டோ புடிச்சு ஊரு ஒலகமெல்லாம் அனுப்பறாங்க. ஐப்பசி, கார்த்திகையில வாடக்காத்து அடிச்சு கடலு கிறுக்குப் புடிச்ச மாதிரி நாலாப் பக்கமும் புரளும்ல, அப்ப 'இன்னிக்கி வேணாம்'னு எழுதிட்டு வந்தவங்களத் திருப்பி அனுப்பிடுவா. வூடு தேடி வந்தவங்கள போயிட்டு வான்னு சொல்றவள எங்கனா பாத்திருக்கியா? அதுக்கும் அவளுக்குத்தான் நல்ல பேரு. உள்ளத உள்ளபடி எழுதறாளாம்.

நான் மட்டும் சும்மா இருப்பனா? நானும் வடக்குப் பக்கம் மூணு ரூம்பு கட்டுனேன். வந்தாங்க, அவ வூட்டுல எடமில்லாதவங்க. வந்து என் வூட்டு வாசல்ல என் சேர்ல உக்காந்துக்கினு, வேலிக்கு மேல எட்டி எட்டி அவ வூட்டு அலையப் பாப்பாங்க. என் வூட்டு முன்னாடி கடலு கணுக்காலுக்கு மேல ஏறாது. எது எனக்கு வேணும்னு அடம்புடிச்சு வாங்குனேனோ அதான் எனக்குக் கெடைச்சுது. அது தப்பா?

பதினோரு வருசம் கண்ணு. அவ கொடியில எத்தினி துண்டு காயுதுன்னு எண்ணுவேன். எத்தினி துண்டோ அத்தினி ஆளு. காலையில ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. எந்த வண்டி வருது, எந்த வண்டி போவுது, எவன் அவளுக்குக் கடிகாரம் வாங்கியாந்தான், எவ அவளக் கட்டிப்புடிச்சிக்கினு அழுவறா. எல்லாம் எனக்குத் தெரியும். கடலப் பாத்து எத்தினி வருசமாச்சோ, ஞாபகமே இல்ல. பாக்க எங்க நேரம்? அவ வாசலப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல.

ஒரு நாளு சோறு துன்னும்போது எங்க வூட்டுக்காரரு சொல்றாரு, 'அந்தப் பொண்ணு கைராசிக்காரி, தொட்டதெல்லாம் தொலங்குது'ன்னு. ரெண்டு நாளு அடுப்பு மூட்டல நானு. கைராசியாம்! கோடு யாரு போட்டது? நான் சொன்ன எடத்துல போட்ட கோடு. அப்ப அந்த அலை யாரு குடுத்தது? ஒரு வாட்டியாவது, அக்காவாலதான் எனக்கு இந்த வாழ்வுன்னு அவ வாயத் தொறந்து சொன்னாளா?

அப்பதான் முடிவு பண்ணேன், எடத்த மாத்திக்கணும்னு.

போன தையில எங்க வூட்டுக்காரரு படகுல வழுக்கி வுழுந்து இடுப்புப் புடிச்சிக்கிச்சு. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஊருப் பஞ்சாயத்தக் கூட்டி அழுதேன். வடக்கு வூடு அவருக்கு ஆவாத வூடாம், ஜோசியரு சொல்லிட்டாரு, அந்த வூட்டுல இருந்தா அவரு தாங்க மாட்டாருன்னு. ஜோசியரு நெசமாவே சொன்னாரான்னு கேக்கறியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு.

எங்க வூட்டுக்காரருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. 'தெக்குல போயி நான் படக எங்கடி போடுவேன்?'னாரு. வித்துடலாம்னேன்.

கஸ்தூரி தலையக் குனிஞ்சிக்கினு கேட்டுக்கினே இருந்தா. நாலு ரூம்பு, டைல்ஸ், போர்டு, கேட்டு, எல்லாம் அவ பாத்துப் பாத்துக் கட்டுனது. சண்டைக்கு வருவா, இன்னிக்கி ஒரு கை பாத்துடலாம்னு நான் இடுப்புல சேலையச் சொருகிக்கினு நிக்கறேன். அவ இன்னா சொன்னா தெரியுமா?

'மாமா ஒடம்புக்காகன்னா எனக்குச் சம்மதம்க்கா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கார்த்திகை வெள்ளத்துல முகத்துவாரம் வடக்கால ஒடைச்சிக்கிச்சில்ல, மணலும் அந்தப் பக்கம் வந்துடுச்சு. நான் எறங்கிப் பாத்தேன், மேடு காலுல தட்டுது. இந்த வருசம் அலை உங்க பக்கம்தான் எழும்பும்னு தோணுது. வைகாசி வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு மாத்திக்கலாமே.'

முகத்துவாரம் எடம் மாறினது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனா மணலு தண்ணிக்கு அடியில இருக்குது. அடியில போயி பாக்க நான் இன்னா மீனா? எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு, இவ கைய வுட்டுப் போறது பொறுக்காம கதை வுடறான்னு. வைகாசி வரைக்கும் பொறுக்கணுமாம்! பொறுத்தா மனசு மாறிடுவேன்னு பாக்கறா.

'அதெல்லாம் முடியாது, மாசியிலேயே மாத்தணும்'னேன்.

மாசின்னு சொன்னதும் அவ தலைய நிமித்தி என்னப் பாத்தா. ஒரே ஒரு பார்வை. அப்புறம், 'சரிக்கா'ன்னுட்டா.

வெள்ளப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்த வாரமே சாமான மாத்திட்டோம். போர்டையும் வச்சிட்டுப் போவணும்னேன், வச்சிட்டுப் போனா. சாக்பீஸக் கூட வச்சிட்டுப் போனா. ரிஜிஸ்தர் மட்டும்தான் பாக்கி. பத்திரம் எழுதறவருக்கு ஒடம்பு சரியில்லாம தள்ளித் தள்ளிப் போயி நாளைக்குன்னு வந்து நிக்குது.

மாசி போச்சு. பங்குனி போச்சு. சித்திரையில காத்து கெளம்புச்சு. நான் காலையில எழுந்து, தலைக்குக் குளிச்சு, இந்த வாசல்ல நாலு சேர் போட்டு உக்காந்தேன். அலை வரும்னு.

வந்துச்சு. அங்க வந்துச்சு. அவ வூட்டு முன்னாடி! ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு, வரிசையா ஒடைஞ்சிக்கினு, அந்த பெங்களூரு ஆளு பாத்து அழுதானே, அதே மாதிரி. என் வூட்டு முன்னாடி பாரு. நீயே திரும்பிப் பாரு. முழங்காலுக்கு வருதா? எங்க வூட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம். 'நல்லவேளை படக விக்கல, இங்க போட எவ்ளோ சௌகரியமா இருக்கு'ன்னு பல்ல இளிக்கறாரு. இடுப்பு வலி கூட போயிடுச்சாம். ஜோசியரு சொன்னது பலிச்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு.

போர்டப் பாத்துட்டுத்தானே வந்த? 'இன்னிக்கி அலை: தலை'ன்னு இருக்குல்ல. நான் எழுதுனது. சித்திரையில எழுதுனேன், அழிக்கல. சிரிக்காத. வர்றவங்க எல்லாம் அதப் படிச்சிட்டு, கடலத் திரும்பிப் பாத்துட்டு, உன்ன மாதிரிதான் சிரிக்கறாங்க. அப்புறம் 'கஸ்தூரிக்கா எங்க'ன்னு கேக்கறாங்க.

ஏமாத்திட்டா கண்ணு. பச்சையா ஏமாத்திட்டா. சொன்னாளேங்கறியா? சொன்னா. அதான் சூது! அவ உண்மையச் சொன்னா நான் நம்ப மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே உண்மையச் சொல்லியிருக்கா. பொய் சொல்லியிருந்தா நான் கண்டுபுடிச்சிருப்பேன். பொய்யின்னா எனக்குத் தெரியாதா? உண்மையச் சொல்லி ஒருத்தியக் கவுக்கறதுன்னா அதுக்கு எவ்ளோ நெஞ்சழுத்தம் வேணும்!

இன்னொண்ணு கேளு. பதிமூணு வருசம் ஆச்சு பாகம் பிரிச்சு. ஏன்க்கா மாசியில வச்சீங்க, ஏன்க்கா எப்பவும் இப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்கன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவ கேட்டதில்ல. அவளுக்குத் தெரியும். பூபாலன் வந்து நின்னு பாத்தானே, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். கேட்டிருந்தா தலைமயிரப் புடிச்சிக்கினு ஒரு சண்டை போட்டிருப்போம், அதோட தீந்துபோயிருக்கும். கேக்காம வச்சிருக்கா. இன்னிக்கி வரைக்கும் வாங்கக்கா, சாப்டீங்களாக்கான்னுதான் பேசறா. எனக்கு அவ ரூம்பு மேல கூட அவ்ளோ எரிச்சல் இல்ல. அவ வாயில வர்ற அந்த அக்கா இருக்கே, அதக் கேக்கும்போதுதான் வயிறு பத்திக்கினு எரியுது.

இன்னிக்கிக் காலையில வந்தா. நீ உக்காந்திருக்கியே, அங்கதான் நின்னா. உக்காருன்னு நானும் சொல்லல. 'அக்கா, நாளைக்குத்தான ரிஜிஸ்தரு. இன்னும் ஒண்ணும் ஆவல. வேணும்னா பழையபடியே இருந்துக்கலாம். நீங்க வடக்குக்கே வந்துடுங்க, நான் இங்க வந்துடறேன். எனக்கு எந்தப் பக்கம்னாலும் சரி'ங்கறா.

எந்தப் பக்கம்னாலும் சரியாம்! அலை அவ வூட்டு முன்னாடி தலை ஒசரத்துக்கு ஆடிக்கினு இருக்கு, துண்டு பதினேழு காயுது கொடியில, நானே எண்ணுனேன். அத எங்கிட்ட குடுத்துட்டு இந்த முழங்கால் தண்ணிக்கு வர்றேங்கறா. மனுச ஜென்மம் யாராவது அப்படிச் சொல்லுமா? அப்ப அவளுக்கு இன்னாவோ தெரிஞ்சிருக்கு. அடியில எறங்கிப் பாத்திருக்கா. மணலு மறுபடியும் தெக்கால நவுர ஆரம்பிச்சிடுச்சு, அடுத்த வருசம் அலை இங்கதான் வரப்போவுது, அதான் இப்பவே வந்து கேக்கறா. அப்படித்தானே இருக்கணும்?

இல்ல, அவ நெசமாவே குடுக்கறாளோ? அப்படின்னா நான் வாங்கிக்கினா, மூணாவது வாட்டி அவ கையால நான் வாங்குன மாதிரி ஆவும். கெணத்துத் தண்ணி ஒண்ணு, இந்த வூடு ஒண்ணு, இப்ப அலை. வாங்கலன்னா இந்த முழங்கால்லியே கெடக்கணும். நேத்து வரைக்கும் நல்லா சாப்ட்டுக்கினு இருந்தேன், காலையிலேர்ந்து ஒரு வாயி சோறு எறங்கல எனக்கு.

வண்டிச் சத்தம் கேக்குதா? அவதான். அந்த ஸ்கூட்டரு சத்தம் தூக்கத்துல கூட எனக்குத் தெரியும்.

எழுந்திரிக்காத, இரு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நீ ஊரு ஊராப் போயி அலை மேல ஏறி நிக்கற பொண்ணு. படிச்ச பொண்ணு. போனுல காத்து, கடலு எல்லாம் பாக்கறீங்க. எனக்கு உண்மையச் சொல்லு, அடுத்த வருசம் அலை எந்தப் பக்கம் வரும்? இங்கியா, அங்கியா?

இன்னாது?

யாராலயும் சொல்ல முடியாதா?

ம்... அவளும் இதத்தான் சொன்னா. காலையில, இதே எடத்துல நின்னு, இதே வார்த்தை. 'அது யாராலயும் சொல்ல முடியாதுக்கா'ன்னு. ஒரு எழுத்து மாறல. ரூம்பு போடும்போதே போனுல பேசி வச்சிக்கினுதான வந்திருக்க? பாத்தா பச்சப் புள்ளையாட்டம் இருக்க, நீயும் அவ ஆளுதானா!

சரி, எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறேன். அவ வேணாங்க வேணாங்க போடுவேன். இந்த வூடு எனக்கு, அந்த வூடு அவளுக்கு. அடுத்த வருசம் அலை இங்க வரும்போது அவ மூஞ்சியப் பாக்கணும் நானு.

போ. பலகைய எடுத்துக்கோ, மரத்துல இடிச்சுக்காத. கேட்டச் சாத்திட்டுப் போ.

இந்தாம்மா, மிருதுளா, இரு. அவ அங்க புதுசா ஒரு போர்டு மாட்டியிருக்கா, எனக்கு இங்கேர்ந்து எழுத்து தெரிய மாட்டேங்குது. இன்னிக்கி அலை எவ்ளோன்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு, வேலியாண்ட வந்து ஒரு கொரலு குடு. நான் கேட்டேன்னு சொல்லாத.

கடலு எதுக்கதானே இருக்குதுங்கறியா? அது இருக்கட்டும். அவ இன்னா எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு.